வீல்சேர் வாங்கப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ

தங்கச்சி, கடைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி இஞ்ச் டேப்பை எடுத்துட்டு வந்து உன் மாமியார் பக்கத்துல உட்காரு. விலை, கம்பெனி, கலர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். கால் அளவு தெரியாம யாரும் செருப்பு வாங்கறதில்லை. ஆனா ஒருத்தர் காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் உட்காரப் போற நாற்காலியை மட்டும் "நல்லதா ஒண்ணு அனுப்புங்க"ன்னு போன்ல சொல்லி வரவழைச்சிடறோம். மைசூர்ல பிசியோதெரபி வேலை பார்க்கிற எனக்கு இதைப் பார்க்கறப்போ எல்லாம் மனசு கஷ்டமா இருக்கு.

கடையில சாதாரணமா எடுத்துக் கொடுக்கிறது 18 இஞ்ச் சீட் உள்ள மடக்கு நாற்காலி. ஆஸ்பத்திரி வராண்டாவுல நிற்குமே, அதுதான். சீட்டுக்கு அடியில ரெண்டு கம்பி குறுக்கே போய் மடங்கற அந்த அமைப்பு 1930-கள்ல அமெரிக்காவுல வந்தது. சுரங்க விபத்துல முதுகுத்தண்டு அடிபட்ட ஹெர்பர்ட் எவரெஸ்ட்டும், அவர் நண்பர் ஹாரி ஜென்னிங்ஸும் சேர்ந்து, காருக்குள்ள மடிச்சு வைக்க முடியற மாதிரி செஞ்சாங்க. ஒரே ஒரு மனுஷனோட தேவைக்காகப் பிறந்த நாற்காலி அது. அதையே எல்லாருக்கும் ஒரே அளவுல கொடுக்கிறது நியாயமே இல்லை.

அளவு எடுக்கறது சுலபம். அவங்களைக் கெட்டியான பலகை சேர்ல நேரா உட்கார வை. இடுப்புக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு தடிப் புத்தகத்தை நிற்க வெச்சு ஒட்டிப் பிடி. ரெண்டு புத்தகத்துக்கும் நடுவுல இருக்கிற தூரம்தான் சீட் அகலம். உள்ளங்கையைத் தட்டையா நுழைக்கிற அளவுக்குக் கூடுதல் இருந்தா போதும். பின்பக்கத்துலேர்ந்து முழங்கால் மடிப்பு வரைக்கும் அளந்து, ரெண்டு மூணு விரல் அகலம் கழிச்சா சீட்டோட ஆழம். முழங்கால் மடிப்புலேர்ந்து குதிகால் வரைக்கும் இருக்கிற நீளம், கால் வைக்கிற பலகைக்கு. இதை மெத்தை போட்ட பிறகு பார்க்கணும், மெத்தை உயர்ந்தா கால் தொங்கிப் போகும்.

"கொஞ்சம் பெரிசாவே இருக்கட்டும், சௌகரியமா உட்காரட்டும்"னு சொல்லாதே. பெரிய சீட்ல உடம்பு ஒரு பக்கமா சாயும். சக்கரத்தை எட்டிப் பிடிக்கத் தோளை விரிக்கணும், நாளாக ஆகத் தோள்வலி வந்துடும். சீட் ஆழம் அதிகமானா, முதுகைச் சாய்க்கணும்னு முன்னாடி வழுக்கி வழுக்கி, வாலெலும்புல புண் வரும்.

இன்னொண்ணு. 18 இஞ்ச் சீட்டுன்னா சக்கரம், வளையம் எல்லாம் சேர்ந்து மொத்த அகலம் 26 இஞ்சுக்குக் கிட்ட வந்துடும். நம்ம மைசூர்ல அக்ரஹாரம், லக்ஷ்மிபுரம் பக்கத்துப் பழைய வீடுகள்ல பாத்ரூம் கதவு அதைவிடக் குறுகலா இருக்கிறதை நானே பார்த்திருக்கேன். அதனால கதவைத் திறந்து வெச்சு, நிலைக்கு நிலை அளந்து எழுதிக்கோ. கதவுப் பலகையோட தடிமனும் இடத்தைத் தின்னும்.

உன் மாமியாருக்குப் பக்கவாதம், வலது பக்கம் வரலைன்னு சொன்னே. அவங்களுக்கு ரெண்டு கையாலயும் சக்கரம் உருட்டற நாற்காலி முழுசா உதவாது. ஒரு கையால உருட்டினா வண்டி வட்டம்தான் போடும். சீட் கொஞ்சம் தாழ்வா இருக்கணும். இடது பக்கக் கால் பலகையைக் கழட்டிட்டா, நல்ல காலைத் தரையில ஊன்றி இழுத்து, இடது கையால உருட்டி, அவங்களே சமையலறைக்குப் போகலாம், வாசலுக்கு வரலாம். வலது கையைத் தாங்க ஆர்ம்ரெஸ்ட் மேல ஒரு பலகை வை. இல்லைன்னா தொங்கற கை தோள்மூட்டைக் கீழே இழுக்கும். புடவை கட்டறவங்க, அதனால சக்கரத்துக்கும் சீட்டுக்கும் நடுவுல தடுப்புத் தகடு கட்டாயம் இருக்கணும். முந்தானை கம்பியில சிக்கிச்சுன்னா பெரிய விபத்து.

உங்க பக்கத்து வீட்டுப் பையன் பைக்லேர்ந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாம இருக்கான்னு சொன்னே இல்லையா, அவன் விஷயம் வேற. அவனுக்கு நாற்காலியைவிட மெத்தை முக்கியம். வலிக்கிறது தெரியாததால, உட்கார்ந்த இடத்துலயே ரத்த ஓட்டம் நின்னு புண் பிடிக்கும்; எலும்பு வரைக்கும் போகும். மெத்தை சரியான்னு பார்க்க வழி இருக்கு. அவன் உட்கார்ந்த பிறகு, அடியில கையை விட்டு, உட்காரும் எலும்பைத் தடவிக் கண்டுபிடி. விரல் நுனியை மேலும் கீழும் அரை சென்டிமீட்டர் அசைக்க முடிஞ்சா மெத்தை நல்லது. அசையலை, ஆனா சுலபமா உருவ முடியுதுன்னா கவனமா இரு. விரல் நசுங்கி, உருவவே கஷ்டமா இருந்தா அந்த மெத்தை ஆகாது. நடுவுல ஓட்டை போட்ட ரப்பர் டியூப் வாங்காதே. சுத்தி இருக்கிற தோல்ல ரத்தத்தைத் தடுத்து அது கெடுதல்தான் பண்ணும். எந்த மெத்தையா இருந்தாலும் அரை மணிக்கு ஒரு தடவையாவது முன்னாடி குனிஞ்சோ, பக்கவாட்டில சாய்ஞ்சோ எடையை மாத்தணும்.

அவன் மனசு உடைஞ்சிருந்தா டாக்டர் மேரி வர்கீஸ் கதையைச் சொல்லு. 1954-ல கார் விபத்துல முதுகுத்தண்டு அடிபட்டும், வீல்சேர்ல உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளுக்கு ஆபரேஷன் பண்ணினாங்க. வேலூர் சி.எம்.சி.யில 1966-ல மறுவாழ்வு மையம் தொடங்கினதும் அவங்கதான்.

அந்தப் பையன் ஜே.எஸ்.எஸ். மாற்றுத்திறனாளிகள் பாலிடெக்னிக் மாதிரி இடத்துல சேர்ந்து தினமும் வெளியே போகணும்னா, லேசான, முதுகுச் சாய்வு தோள்பட்டை எலும்புக்குக் கீழேயே முடியற, பின்சக்கரம் கொஞ்சம் முன்னாடி தள்ளின நாற்காலி வேணும். கை உருட்டறப்போ நல்லா ஓடும், ஆனா பின்னாடி கவிழற வாய்ப்பும் உண்டு, பயிற்சி எடுத்துக்கணும். ரெண்டு காலையும் முழங்காலுக்கு மேல எடுத்தவங்களுக்கு இதே அமைப்பு ஆபத்து. முன்னாடி எடை இல்லாததால பின்சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளி, கவிழ்வு தடுப்பும் போடணும். சென்னை ஐ.ஐ.டி.யில பிறந்த நியோமோஷன் கம்பெனி, உடம்பு அளவுக்கு ஏத்த நியோஃப்ளை நாற்காலியையும், அதோட சேர்த்து மாட்டி ரோட்டுல மோட்டார் வண்டியா ஓட்டற நியோபோல்ட்டையும் கொண்டு வந்திருக்காங்க. தேவராஜா மார்க்கெட் சந்துகள்லயும், ஏறி இறங்கற நம்ம ஊர் நடைபாதைகள்லயும் முன்சக்கரம் ரொம்பச் சின்னதா இருந்தா குழியில மாட்டிக்கும், அதையும் பார்.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கு வேற மாதிரி. "வளர்ற பிள்ளை, பெரிசா வாங்கிடலாம்"னு நினைக்கிறது சட்டைக்குச் சரி, இதுக்குச் சரியில்லை. இடுப்பும் நெஞ்சும் தலையும் தாங்கி நேரா உட்கார்ந்தாத்தான் அந்தக் குழந்தைக்கு முழுங்கவும், கையை நீட்டவும், பேச முயற்சி பண்ணவும் முடியும். மைசூர் மானசகங்கோத்ரியில 1965-லேர்ந்து இருக்கிற அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்துக்குப் பேச்சுப் பயிற்சிக்குப் போறவங்க, குழந்தையை நாற்காலியிலேயே உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போய் தெரபிஸ்ட்கிட்ட காட்டணும்.

அப்புறம், நடுவுல ஓட்டை போட்டு, கீழே கமோட் வெச்ச 'ஆல் இன் ஒன்' நாற்காலியைக் கடைக்காரர் நீட்டுவார். இடம், காசு ரெண்டும் மிச்சம்னு தோணும். குளியல், கழிவறைக்கு மட்டும்னா வாங்கு. நாள் முழுக்க அதுலயே உட்கார வைக்காதே. நாலு பக்கமும் சின்ன சக்கரம் வெச்சு அடுத்தவர் தள்ளற நாற்காலியும் அப்படித்தான். ஸ்டேஷன், ஆஸ்பத்திரி போய்ட்டு வர நல்லது. கைல பலம் இருக்கிறவங்களை அதுல உட்கார வெச்சா, தண்ணி குடிக்கக்கூட யாராவது வந்து தள்ளணும். அவங்க சுதந்திரத்தையே பறிச்ச மாதிரி ஆயிடும்.

வாசப்படிக்குச் சாய்தளம் போடறப்போ ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம்னு கணக்கு. அரை அடி உயரப் படி ஒண்ணுக்கே ஆறு அடி வேணும். ரெண்டு அடிப் பலகையைச் சாய்ச்சு வெச்சுத் தள்ளறது பார்க்கவே பயமா இருக்கு. எந்தச் சாய்தளத்துலயும் இறங்கறப்போ நீ பின்னாடி நடந்து, நாற்காலியைப் பின்பக்கமா இறக்கு.

பணத்துக்கு வழி இருக்கு. மத்திய அரசோட 'அடிப்' (ADIP) திட்டத்துல, 40 சதவீதம் ஊனச் சான்று இருந்து, மாச வருமானம் 22,500 ரூபாய்க்குள்ள இருந்தா முழுசாவும், 30,000 வரைக்கும் பாதியாவும் உதவி கிடைக்கும். முதல்ல மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அட்டை எடுத்து வை. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கிற 60 வயசு தாண்டினவங்களுக்கு 2017-லேர்ந்து ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டமும் இருக்கு. முகாம்ல பேர் பதியறப்பவே உன் அளவுச் சீட்டை நீட்டு. நாற்காலி வந்த பிறகு சொன்னா மாத்தறது கஷ்டம். அளவெடுத்துப் பொருத்திக் கொடுக்கறவங்க வேணும்னா பெங்களூர்ல 1994-லேர்ந்து இயங்கற மொபிலிட்டி இந்தியா இருக்கு.

வாங்கறதுக்கு முன்னாடி மாமியாரையே கூட்டிட்டுப் போய், அரை மணியாவது உட்கார வெச்சு, "எங்கே உறுத்துது?"ன்னு அவங்களையே கேளு. நீயோ உன் வீட்டுக்காரரோ பதில் சொல்லாதீங்க. நாற்காலி வீட்டுக்கு வந்த முதல் வாரம், தினமும் ராத்திரி புட்டத்துலயும் வாலெலும்புலயும் வெளிச்சம் போட்டுப் பார். சிவந்த இடம் அரை மணியில மறையலைன்னா, மறுநாள் அதுல உட்கார வைக்காம, நேரா தெரபிஸ்ட்கிட்ட நாற்காலியையும் மெத்தையையும் எடுத்துட்டுப் போ.