முதனிலைத் தேர்தலும் தொழில்முறை அரசியல்வாதிகள் மீதான வாக்காளர் அதிருப்தியும்

மாணவர்களே, ஐக்கிய அமெரிக்காவின் முதனிலைத் தேர்தல் என்றால் என்ன என்று கேட்டால் பலர் "தேர்தலின் முதலாம் சுற்று" என்று எழுதிவிட்டுப் புள்ளியை இழக்கிறார்கள். இரண்டு சுற்றுக்களாக வாக்களிப்பது பிரான்ஸ் நாட்டுச் சனாதிபதித் தேர்தல் முறை. முதனிலைத் தேர்தல் அதுவன்று. பொதுத் தேர்தலில் ஒரு கட்சியின் சார்பில் யார் போட்டியிடுவது என்பதை வாக்காளரே வாக்களித்துத் தீர்மானிக்கும் தேர்தல்தான் முதனிலைத் தேர்தல். இங்கே போட்டி ஒரே கட்சிக்காரருக்கு இடையில் நடைபெறுகிறது.

நமது நாட்டு விருப்பு வாக்குடனும் இதைக் குழப்பிக் கொள்ள வேண்டாம். விருப்பு வாக்கு பொதுத் தேர்தல் நாளிலேயே அளிக்கப்படுவது. அப்பட்டியலில் யாருடைய பெயர் இடம்பெற வேண்டும் என்பதைக் கட்சித் தலைமை முன்னரே தீர்மானித்து விடுகிறது. அமெரிக்காவில் அந்தத் தீர்மானமே வாக்காளரின் கையில் உள்ளது.

இம்முறை அரசியலமைப்பினால் ஏற்பட்டதல்ல. 1787இல் வரையப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பில் அரசியல் கட்சிகள் பற்றிய குறிப்பே இல்லை. முன்னர் கட்சி மாநாடுகளில் செல்வாக்குள்ள சிலர் கூடி வேட்பாளரைத் தெரிவு செய்தனர். விஸ்கொன்சின் மாநிலத்தின் றொபேட் லா பொலெட் 1896, 1898 ஆகிய ஆண்டுகளில் ஆளுநர் பதவிக்கான கட்சி நியமனத்தை இத்தகைய மாநாடுகளில் இழந்தவர். பின்னர் அவர் ஆளுநரானதும் 1903இல் முதனிலைத் தேர்தல் சட்டம் நிறைவேறியது. 1904இல் மக்கள் வாக்கெடுப்பிலும் அது ஏற்கப்பட்டது. எனினும் சனாதிபதி வேட்பாளர் தெரிவில் கட்சிப் பெரியவர்களின் பிடி நெடுங்காலம் தளரவில்லை. 1968இல் உப சனாதிபதி ஹியூபேட் ஹம்பிரி முதனிலைத் தேர்தல்களில் போட்டியிடாமலே சனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். சிக்காகோ மாநாட்டு மண்டபத்துக்கு வெளியே பெரும் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. அதன் பின் விதிகள் திருத்தப்பட்டு, 1972 முதல் முதனிலைத் தேர்தல்களே முடிவைத் தீர்மானிப்பவையாக மாறின.

ஆக, கட்சிப் பெரியவர்களுக்கு எதிரான கருவியாகவே இத்தேர்தல் பிறந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

தொழில்முறை அரசியல்வாதி என்பவர் யார்? அரசியலையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டு, தேர்தலுக்குத் தேர்தல் போட்டியிட்டுப் பதவியில் நீடிப்பவர். அமெரிக்கச் சனாதிபதி இரண்டு முறைக்கு மேல் தெரிவு செய்யப்பட முடியாது (22ஆவது திருத்தம், 1951). ஆனால் கொங்கிரஸ் உறுப்பினருக்கு அப்படி வரையறை கிடையாது. சில மாநிலங்கள் தாமாகவே வரையறை விதிக்க முயன்றபோது, மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என 1995இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே ஒருவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமானால் வாக்கினால்தான் அனுப்ப வேண்டும்.

அதற்குப் பொதுத் தேர்தல் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். பல தொகுதிகளில் போதாது. பெரும்பாலான மாநிலங்களில் தொகுதி எல்லைகளை வகுப்பது மாநிலச் சட்டசபைகளே. ஒரு கட்சிக்கு எப்போதும் பெரும்பான்மை கிடைக்கும் வகையில் அமைந்த தொகுதிகள் ஏராளம். அங்கே நவம்பர் மாதப் பொதுத் தேர்தல் வெறும் சடங்கு போன்றது. உண்மையான போட்டி ஏதும் இருந்தால் அது முதனிலைத் தேர்தலில்தான் உண்டு. இக்காரணத்தை எழுதாத விடை எவ்வளவு நீளமாக இருந்தாலும் குறையுள்ள விடையே.

இனி இரண்டு உதாரணங்கள். முதலாவது வேர்ஜீனியா மாநிலத்தின் 7ஆவது தொகுதி. எரிக் கன்ரர் 2001 முதல் இத்தொகுதியின் பிரதிநிதி. 2014இல் அவர் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவர், அதாவது சபாநாயகருக்கு அடுத்த நிலையில் இருந்தவர். அடுத்த சபாநாயகர் அவரே என்று பலரும் எதிர்பார்த்தனர். அவரை எதிர்த்தவர் டேவிட் பிரட் என்னும் பொருளியல் பேராசிரியர். கன்ரர் தரப்புச் செலவு 50 இலட்சம் டொலருக்கு மேல். பிரட் திரட்டியது ஏறத்தாழ 2 இலட்சம் டொலர். கன்ரர் தரப்பு நடத்திய கருத்துக் கணிப்பு அவர் 34 புள்ளிகள் முன்னணியில் இருப்பதாகக் கூறியது. வாக்களிப்பு நாளான 2014 யூன் 10ஆந் திகதி காலையில் அவர் தமது தொகுதியில் இல்லை. வாஷிங்டனில் ஒரு நிதி திரட்டும் சந்திப்பில் இருந்தார். மாலையில் முடிவு வந்தது: பிரட் 36,105, கன்ரர் 28,912. பெரும்பான்மைத் தலைவர் என்ற பதவி 1899இல் ஏற்பட்ட பின்னர், அப்பதவியிலிருந்த ஒருவர் முதனிலைத் தேர்தலில் தோற்றது அதுவே முதற் தடவை. (நவம்பரில் பிரட்டை எதிர்த்த சனநாயகக் கட்சி வேட்பாளரும் அதே கல்லூரியின் பேராசிரியர் என்பது சுவையான செய்தி, பரீட்சைக்கு வேண்டியதில்லை.) கன்ரர் ஓகஸ்ட் மாதம் பதவி விலகி, செப்ரெம்பரில் ஒரு முதலீட்டு வங்கியின் உயர் பதவியில் சேர்ந்தார். மக்கள் எதைக் குறித்து முறையிட்டார்களோ அதற்கே சாட்சி சொல்வது போல இது அமைந்தது.

இரண்டாவது நியூயோர்க்கின் 14ஆவது தொகுதி, சனநாயகக் கட்சியின் கோட்டை. ஜோ குறோலி 1999 முதல் கொங்கிரஸ் உறுப்பினர். கட்சித் தலைமையிலும் இடம்பெற்றவர். 14 ஆண்டுகளாக அவருக்கு முதனிலைத் தேர்தலில் போட்டியே இருக்கவில்லை. 2018இல் மதுபானசாலையில் பணியாற்றிய 28 வயதான அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்ட்டெஸ் அவரை எதிர்த்தார். ஒரு விவாதத்துக்குக் குறோலி தாம் செல்லாமல் வேறொருவரை அனுப்பினார். எதிர்ப்பாளரை அவர் பொருட்படுத்தவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? யூன் 26ஆந் திகதி ஒகாசியோ கோர்ட்டெஸ் ஏறத்தாழ 57 வீத வாக்குகளுடன் வென்றார்.

2016ஆம் ஆண்டின் குடியரசுக் கட்சிச் சனாதிபதிப் போட்டியையும் இங்கே குறிப்பிடலாம். 17 முக்கிய வேட்பாளர்களுள் ஆளுநர்களும் செனற்றர்களும் பலர். ஒரு சனாதிபதியின் மகனும் மற்றொரு சனாதிபதியின் சகோதரருமான ஜெப் புஷ்ஷுக்கு ஆதரவாக 10 கோடி டொலருக்கு மேல் திரட்டப்பட்டது. அவர் பெப்ரவரியிலேயே விலகினார். எப்பதவியும் வகித்திராத டொனால்ட் ட்ரம்ப் நியமனம் பெற்றார். அனுபவம் என்ற தகுதியே அவ்வாண்டில் பலருக்குப் பாரமாகிவிட்டது.

இப்போது எண்களுக்கு வருவோம். வேர்ஜீனியாவில் வாக்களித்தோர் ஏறத்தாழ 65,000 பேர். நியூயோர்க்கில் 30,000 பேர்கூட இல்லை. ஒவ்வொரு தொகுதியின் சனத்தொகையும் 7 இலட்சத்தை அண்மித்தது. (சனத்தொகையில் சிறுவரும் பிரசைகள் அல்லாதோரும் அடங்குவர், ஆகவே இதை வாக்களிப்பு வீதம் என்று எழுதிவிடாதீர்கள்.) நியூயோர்க்கில் மூடிய முறை நிலவியது. கட்சியில் பதிவு செய்தோர் மட்டுமே வாக்களிக்கலாம். கட்சிப் பதிவை மாற்றுவதாயின் மாதக்கணக்கில் முன்னதாகவே மாற்றியிருக்க வேண்டும். வேர்ஜீனியாவில் கட்சிப் பதிவே இல்லாததால் வாக்காளர் எவரும் பங்குபற்றலாம். எம்முறையாயினும் வருவோர் சிலரே. அச்சிலர் கோபத்துடன் வந்தால் பெரிய மரமும் சாய்கிறது. எவரும் வராவிட்டால் பழைய உறுப்பினர் அப்படியே தொடர்கிறார்.

தொடர்வதே வழமை என்பதையும் மறக்கக்கூடாது. 2014இல் கொங்கிரசின் செயற்பாட்டை ஏற்பதாகக் கருத்துக் கணிப்புகளில் கூறியோர் 20 வீதத்துக்கும் குறைவு. அதே ஆண்டில் மீண்டும் போட்டியிட்ட பிரதிநிதிகளுள் 90 வீதத்துக்கும் மேற்பட்டோர் வெற்றி பெற்றனர். கொங்கிரஸ் மீது கோபம், தமது உறுப்பினர் மீது கோபமில்லை என்பதே பலரது நிலை. தமது ஊருக்குப் பாலமோ வைத்தியசாலையோ கொண்டுவந்தவரை யார் எளிதில் கைவிடுவார்கள்? பெயர் அறிமுகமும் பணமும் பதவியிலிருப்பவர் பக்கமே இருக்கின்றன.

தோல்விகளுக்கும் ஒரே காரணம் கூறிவிட முடியாது. கன்ரரின் தொகுதியில் குடிவரவுப் பிரச்சினை பெரிதாகப் பேசப்பட்டது. நியூயோர்க் தொகுதியின் சனத்தொகைக் கட்டமைப்பு ஆண்டுக்காண்டு மாறிவந்திருந்தது. "மக்கள் வெறுத்தார்கள், தோற்கடித்தார்கள்" என்று ஒரே வரியில் எழுதுவது வீதியில் பேசும் பேச்சு. விடைத்தாளுக்கு அது உதவாது.

வென்றவர்கள் என்னவானார்கள்? பிரட் 2018 பொதுத் தேர்தலில் சனநாயகக் கட்சி வேட்பாளரிடம் தோற்றார். ஒகாசியோ கோர்ட்டெஸ் 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் தெரிவானார். அன்று புதியவராக வந்தவர் இன்று பழைய உறுப்பினர். அவரையும் தொழில்முறை அரசியல்வாதி என்று அழைக்கலாமா? வகுப்பில் இக்கேள்வியைக் கேட்டால் இரண்டு பக்கமும் கை உயர்கிறது. எனது எண்ணத்தில், பதவியிலிருந்த ஆண்டுகளை மட்டும் எண்ணி இதற்கு விடை கூற முடியாது. தொகுதிக்கு வருகிறாரா, விவாதத்துக்கு நிற்கிறாரா, எதிர்ப்பாளரை மதிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். நீங்கள் வேறு விதமாக வாதிட்டாலும் சான்று காட்டினால் புள்ளி உண்டு.

பயிற்சி வினாக்கள்

1. முதனிலைத் தேர்தலுக்கும் பொதுத் தேர்தலுக்கும் இடையிலான இரு வேறுபாடுகளைக் கூறுக. (4 புள்ளிகள்)

2. திறந்த முறை, மூடிய முறை என்பவற்றை உதாரணத்துடன் விளக்குக. (6 புள்ளிகள்)

3. "கொங்கிரஸ் மீது அதிருப்தி நிலவியும் அதன் உறுப்பினர் பெரும்பாலும் மீண்டும் தெரிவாகின்றனர்." இதற்கான மூன்று காரணங்களை ஆராய்க. (10 புள்ளிகள்)

மூன்றாம் வினாவுக்குத் தொகுதி எல்லை, முதனிலைத் தேர்தலில் வாக்களிப்போர் தொகை, பதவியிலிருப்பவரின் வசதிகள் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றையும் மேலே தந்த உதாரணங்களுள் ஒன்றுடன் இணைத்து எழுதுக. ஆண்டையும் தொகுதியையும் குறிப்பிடத் தவற வேண்டாம்.