கண் காணா ஒளியில் ஒரு புகைப்படம்

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்ததும் தில்லி லோதித் தோட்டத்தில் நான் எடுத்த புகைப்படம் ஒன்றை ஊரிலிருக்கும் என் தந்தையாருக்கு அனுப்பி வைத்தேன். கறுப்பு வெள்ளைப் படம். படா கும்பத் என்னும் பழைய கும்மட்டக் கட்டடம் நடுவில் நிற்கிறது. வானம் கரியது. சுற்றியுள்ள மரங்களும் புல்தரையும் பஞ்சு போல் வெளுத்திருக்கின்றன. அன்று மாலையே அவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, மரமெல்லாம் இப்படி நரைச்சுக் கிடக்குதே! அந்த ஊர் மரத்துக்கு என்ன நோய்?" என்றார். நெல் பயிரிடும் குடியானவர் அவர். இலை வெளுத்தால் அஞ்சுவது இயல்பே.

அன்று நான் அரைகுறையாகச் சொன்ன விடையை ஒழுங்குபடுத்திச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இத்தகைய படத்தை நீங்களும் எடுப்பதற்குரிய எளிய முறையையும் கூடவே கூறுவேன்.

அகச்சிவப்பு ஒளி

நம் கண் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியையே காணும். 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியல் அறிஞர், முப்பட்டைக் கண்ணாடி பிரித்த வண்ணப்பட்டையில் வெப்பமானிகளை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், ஒன்றுமே தெரியாத இடத்திலும் வெப்பம் ஏறக் கண்டார். அங்கு விழுந்த கதிரையே அகச்சிவப்பு என்கிறோம். அமெரிக்க இயற்பியலறிஞர் ராபர்ட் உட் 1910-இல் இவ்வொளியில் எடுத்த இயற்கைக் காட்சிப் படங்களை வெளியிட்டார். இலை வெளுத்துத் தெரிவதற்கு 'உட் விளைவு' என்று பெயர். அஃது அவர் பெயரால் வந்தது. மரம் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லால் வந்ததன்று.

ஓர் ஐயத்தை இங்கே நீக்கிக்கொள்வோம். இஃது உடற்சூட்டைக் காட்டும் படமன்று. நம் உடல் வீசும் வெப்பக் கதிரின் அலைநீளம் 10,000 நானோமீட்டர் அளவினது. நாம் பயன்படுத்துவதோ 700 முதல் 1,000 வரையுள்ள சூரிய ஒளி. அது பொருள்கள் மேல் பட்டுத் திரும்பி வருவதையே படம் பிடிக்கிறோம்.

இலை வெளுப்பது ஏன்?

இலையிலுள்ள பச்சையம், உணவு சமைப்பதற்காக நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் விழுங்கிவிடுகிறது. அகச்சிவப்பை அது தொடுவதில்லை. அவ்வொளி இலைக்குள் நுழைந்து, உயிரணுக்களுக்கும் அவற்றிடையேயுள்ள காற்றறைகளுக்கும் நடுவே பலமுறை சிதறி, ஏறக்குறையப் பாதி வெளியே திரும்பி வருகிறது. தெளிந்த கற்கண்டைப் பொடித்தால் வெள்ளையாவதும் இத்தகைய சிதறலால்தான். ஆகவே படத்தில் வெளுப்பாகத் தெரிந்தது நோயன்று; தழைத்த இலையின் இயல்பு.

எங்கள் விடுதியில் பச்சைச் சாயம் பூசிய இரும்பு வேலி ஒன்றுண்டு. அதன் பின்னால் செடிவேலி. கண்ணுக்கு இரண்டும் ஒரே பச்சை. படத்தில் இரும்பு கறுத்தது, செடி வெளுத்தது. இரண்டாம் உலகப் போரில் பச்சைச் சாயம் பூசி மறைத்த தளவாடங்களை அகச்சிவப்புப் பிலிம் காட்டிக்கொடுத்ததும் இவ்வாறே.

வானம் கறுப்பதற்குக் காரணம் வேறு. அலைநீளம் குறைந்த ஒளியையே காற்று மிகுதியாகச் சிதறடிக்கும். 450 நானோமீட்டர் நீல ஒளி, 750 நானோமீட்டர் அகச்சிவப்பைவிட ஏறக்குறைய 8 மடங்கு சிதறுகிறது. எனவே நீல வானிலிருந்து நம்மிடம் வரும் அகச்சிவப்பு மிகக் குறைவு. மேகத்தின் நீர்த்துளிகள் பெரியவையாதலால் எல்லா ஒளியையும் ஒன்றுபோல் சிதறடிக்கும். மேகம் வெண்மையாகவே நிற்கும். மெல்லிய மங்கலை இவ்வொளி ஓரளவு ஊடுருவும். ஆனால் தில்லியின் ஜனவரி மாதத்து மூடுபனியிடம் அதன் திறமை செல்லாது.

எடுக்கும் முறை

அகச்சிவப்புக்கென்றே பிலிம் வாங்கிய காலம் ஒன்றிருந்தது. கோடாக் நிறுவனம் தன் அதிவேக அகச்சிவப்புப் பிலிமை 2007-இல் நிறுத்திவிட்டது. இன்றைய டிஜிட்டல் காமிராவின் சிலிக்கன் தகடு ஏறக்குறைய 1,100 நானோமீட்டர் வரை உணரவல்லது. ஆனால் அதன் முன்னே அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி ஒன்றை வைத்திருப்பார்கள். அது முழுவதும் தடுக்கிறதா என்று முதலில் சோதியுங்கள். டெலிவிஷன் ரிமோட்டின் முனையைக் காமிராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். திரையில் ஒளிப்பொட்டு மின்னினால் உங்கள் காமிரா பயன்படும்.

அடுத்து, 720 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியை விடும் வடிகட்டி ஒன்று வேண்டும். ஹோயா ஆர் 72 அத்தகையது. அது கண்ணுக்கு ஏறக்குறையக் கறுப்பாகவே தெரியும். அதன் வழியே சூரியனை ஒருபோதும் பார்க்காதீர்கள். கண்ணை உறுத்தும் ஒளியை அது மறைத்துவிடும். கண்ணைக் கெடுக்கும் கதிரை உள்ளே விட்டுவிடும்.

காமிராவை முக்காலியில் பொருத்தி, காட்சியை அமைத்து, குவியத்தைச் சரிசெய்த பிறகே வடிகட்டியை மாட்டுங்கள். அகச்சிவப்பின் குவியம் சற்றுத் தள்ளி விழும். என் முதல் பன்னிரண்டு படங்கள் மங்கியதற்குக் காரணம் இதுவே. பழைய லென்சுகளில் இதற்கென்று சிவப்புப் புள்ளி ஒன்று இருக்கும். அது இல்லையேல் துளையை எஃப் 8 அல்லது எஃப் 11-க்குச் சுருக்குங்கள். பெரும்பாலும் பிழை மறைந்துவிடும். என் காமிராவில் நல்ல வெயிலில் 10 முதல் 20 விநாடி திறக்க வேண்டியிருக்கிறது. ஆகையால் காற்றில்லாத வேளையே சிறந்தது. படம் செந்நிறமாக வரும். கணிப்பொறியில் கறுப்பு வெள்ளையாக்கி, ஒளி நிழலைச் சற்று அழுத்தமாக்கினால் போதும்.

தந்தையின் இரண்டாம் கேள்வி

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்ட தந்தையார், "அப்படின்னா நம்ம வயல்லே புகையான் விழுந்த இடத்தை உன் படம் காட்டுமா?" என்றார். 'காட்டும்' என்று சொல்லிப் பெருமை கொள்ள நா துடித்தது. ஆயினும் அது பொய்யாகியிருக்கும். நிழல், மண், இலை நிற்கும் சாய்வு, பயிரின் வயது ஆகிய யாவும் வெளுப்பைக் கூட்டும், குறைக்கும். ஒரு படத்தைக்கொண்டு நோய் சொல்ல இயலாது. சிவப்பு, அகச்சிவப்பு இரண்டையும் அளந்து, அவற்றின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தே பயிரின் செழிப்பை மதிப்பிடுகிறார்கள். 1988-இல் ஏவப்பட்ட நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ். 1ஏ துணைக்கோளும் இவ்விரு ஒளிகளையும் பதிவு செய்தது. அதுவும் பயிர் வாடிய இடத்தைச் சுட்டலாமே ஒழிய, வாட்டியது எது என்று சொல்லாது.

இதைச் சொன்னதும் அவர் சிரித்தார். "புகையான் தூரிலேதான் இருக்கும் தம்பி. இறங்கிப் பயிரை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும்" என்றார்.

நண்பர்களே, இப்படங்களை எடுத்துப் பாருங்கள். எடுத்தவற்றை மன்றத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒன்றே ஒன்று: படத்தின் கீழே 'அகச்சிவப்பு ஒளியில் எடுத்தது' என்று எழுத மறவாதீர்கள். எந்த ஒளியில் கண்டோம் என்று சொல்லாத படம், ஊரிலிருக்கும் ஒரு குடியானவரைக் காரணமின்றிக் கலங்க வைக்கும்.