மரப்பலகையில் போட்டோ இறங்குவது எப்படி?



பேப்பரில் அச்சடிப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். பலகையில் அச்சடிக்க முடியுமா? முடியும். பெயர்ப்பலகையிலும், சுவரில் மாட்டும் அலங்காரப் பலகையிலும் படத்தை நேராக மரத்திலேயே பதிக்கிறார்கள். ஒட்டுவது வேறு, பதிப்பது வேறு. ஒட்டினால் மரம் மறைந்துவிடும். பதித்தால் படத்துக்குள்ளேயே மரத்தின் ரேகை ஓடுவது தெரியும். அதுதான் அழகு.

நகரங்களில் இதற்கு யு.வி. பிரிண்டர் என்ற பெரிய மெஷின் இருக்கிறது. பலகையை மேஜை போன்ற தட்டில் படுக்க வைத்தால், மை தெளிக்கும் பகுதி பலகையைத் தொடாமல் மேலே ஓடும். மை விழுந்த உடனே புற ஊதாக் கதிர் பட்டு அது கெட்டியாகிவிடும். மரத்துக்குள் ஊறிப் பரவ நேரமே கிடையாது. ஆனால் மெஷின் இல்லாமலும் வீட்டிலேயே பதிக்கலாம். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

என் அப்பா தச்சு வேலை செய்கிறார். எழுத்து என்றால் உளியால் செதுக்கிவிடுவார். முகம் என்றால் "நமக்கு வராதுப்பா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். பக்கத்து ஊர் அண்ணன் ஒருவர், இறந்துபோன தன் அம்மாவின் போட்டோவோடு வந்தார். "அண்ணே, அம்மா படம் இது ஒண்ணுதான் இருக்கு. தேக்குப் பலகையில போட்டுக் குடுங்க, புது வீட்டுக் கூடத்துல மாட்டணும்" என்றார். அப்பா அந்தப் போட்டோவைக் கையில் வாங்கவே பயந்தார். ஆனால் இந்த முறையில் அசல் போட்டோவுக்கு ஒன்றும் ஆகாது. அதை ஸ்கேன் செய்து லேசர் பிரிண்ட் எடுத்தால் போதும். பிரிண்ட்தான் பலகைக்குப் போகும்.

லேசர் பிரிண்ட் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன்? இங்க்ஜெட் பிரிண்டரில் இருப்பது திரவ மை. தண்ணீர் பட்டால் கரைந்து ஓடிவிடும். லேசர் பிரிண்டரிலும் ஜெராக்ஸ் மெஷினிலும் இருப்பது டோனர் என்ற தூள். அது நிறம் கலந்த பிளாஸ்டிக். சுமார் 200 டிகிரி சூட்டில் உருகிப் பேப்பரின் மேலே ஒட்டிக்கொள்கிறது. பிளாஸ்டிக்கைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. பேப்பரோ மரக்கூழில் செய்தது. அதிலுள்ள செல்லுலோஸ் இழைகள் தண்ணீர் பட்டால் பிடி தளர்ந்து பிரிந்துவிடும். பேப்பரைக் கரைத்துவிட்டு டோனரை மட்டும் மரத்தில் நிறுத்துவதுதான் மொத்த வித்தையும். (யோசித்தால் மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குத்தான் படம் மாறுகிறது!)

பிரிண்ட் எடுக்கும்போது படத்தை இடவலமாகத் திருப்பித் தரச் சொல்ல வேண்டும். பலகையில் கவிழ்த்து ஒட்டும்போது அது நேராகிவிடும். பெயர்ப்பலகை என்றால் இது ரொம்ப முக்கியம். திருப்பாமல் ஒட்டினால் தப்பித்துக்கொள்வது 'ப' மாதிரி ஓரிரு எழுத்துதான்.

பலகையை 120 நம்பர் உப்புத்தாளாலும், பிறகு 220 நம்பர் உப்புத்தாளாலும் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் படத்தில் தெரியும். தூசியைத் துடைத்துவிட்டு அக்ரிலிக் மீடியம் என்ற வெள்ளைப் பசையை மெல்லிசாகத் தடவ வேண்டும். ஓவியப் பொருள் கடையில் கிடைக்கும். காய்ந்தால் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும். சாதாரண மரப்பசை வேண்டாம், தண்ணீரில் அது திரும்ப இளகும். பிரிண்டைக் கவிழ்த்து வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓர் அட்டையால் நீவினால் காற்றுக் குமிழி வெளியேறும். ஒரு ராத்திரி முழுக்கக் காய வேண்டும்.

மறுநாள் ஈரத்துணியால் பேப்பரை நனைத்து, இரண்டு நிமிஷம் கழித்து விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தால் பேப்பர் திரித்திரியாக உருண்டு வரும். அடியில் படம் நிற்கும்! நகம் படக்கூடாது. காய்ந்ததும் படம் மேல் வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி இருக்கும். அது மிச்சமிருக்கும் பேப்பர் இழை. திரும்ப நனைத்துத் தேய்க்க வேண்டும். இரண்டு மூன்று தடவை ஆகும். அவசரப்பட்டால் மூக்கோ காதோ கையோடு வந்துவிடும். கடைசியில் வார்னிஷ்.

இனி முக்கியமான விஷயம். சாதாரண லேசர் பிரிண்டரின் டோனரில் வெள்ளை நிறம் கிடையாது. படத்தில் எங்கெல்லாம் வெள்ளையோ அங்கெல்லாம் வெறும் மரம்தான் தெரியும். மெஷினில் என்றால் அடியில் வெள்ளை மை பூசிக்கொள்ளலாம். நமக்கு அந்த வசதி இல்லை. தேக்கு உசத்திதான், ஆனால் நிறம் அடர்த்தி. அதில் எண்ணெய்ப் பசையும் உண்டு, அதனால் பசை சரியாகப் பிடிக்காது. அந்த அண்ணனோ தேக்குதான் வேண்டும் என்று நின்றார். அப்பா வாதாடவில்லை. தேக்கு, வேம்பு, ரப்பர் மரம் என்று மூன்று துண்டுகளில் அதே படத்தைப் பதித்துத் திண்ணையில் வரிசையாக வைத்தார். தேக்கில் முகமும் முடியும் பலகையோடு கலந்து மங்கிக் கிடந்தன. வேம்பில் பரவாயில்லை. ரப்பர் மரம் வெளிர் நிறம். அண்ணன் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ரப்பர் மரத் துண்டைக் கையில் எடுத்து, "அம்மா நெத்தியில திருநீறு இதுலதான் தெரியுது" என்றார். அதற்கு மேல் அவர் தேக்கைப் பற்றிப் பேசவில்லை.

ஸ்காட்லாந்தில் மாக்லின் என்ற ஊரில் 19-ஆம் நூற்றாண்டிலேயே சின்னச் சின்ன மரப்பெட்டிகளில் ஊர்க் காட்சிகளைப் பதித்து, மேலே வார்னிஷ் பூசி விற்றார்கள். அவர்கள் எடுத்ததும் சிகமோர் என்ற வெளிர் மரம்தான்.

வெயிலில் மாட்டும் பலகைக்குக் கறுப்பு வெள்ளைப் படமே நல்லது. கறுப்பு டோனரில் இருப்பது கார்பன், அது வெளுக்காது. கலர் வெளுக்கும். மழை படும் இடத்துக்கு இந்த முறையே வேண்டாம். ஈரத்தில் மரம் அகலவாக்கில் உப்பும், வார்னிஷ் வெடிக்கும், படமும் சேர்ந்து வெடிக்கும்.

அப்பாவின் பட்டறையில் ரப்பர் மரத் துண்டுகள் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. செய்து பார்க்க விரும்புபவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் சொல்லவும். திருப்பி எடுத்த லேசர் பிரிண்ட் மட்டும் நீங்களே கொண்டுவர வேண்டும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி