நம்பிக்கைகளும் உண்மைகளும்: புரோட்டான்

புரோட்டான் என்பது அணுவின் கருவில் இருக்கும் நேர்மின் துகள். எலெக்ட்ரானைவிட ஏறத்தாழ 1836 மடங்கு கனமானது. ஹைட்ரஜன் அணுவின் கரு ஒற்றைப் புரோட்டான்தான். அந்தக் கருவே மற்றக் கருக்களுக்குள்ளும் இருக்கிறது என்று கண்டறிந்த எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு 1920-இல் அதற்கு இந்தப் பெயரை வைத்தார். புரோட்டானுக்கு இரண்டு வேலைகள் உண்டு. கருவை விட்டு வெளியேறாமல் இருந்து அந்த அணு எந்தத் தனிமம் என்று தீர்மானிப்பது ஒன்று. எலெக்ட்ரானை விட்டுவிட்டு வந்த ஹைட்ரஜன் கருவாக, ஒரு மூலக்கூறிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது மற்றொன்று. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதாலேயே புரோட்டானைப் பற்றிய தவறான எண்ணங்கள் பெரும்பாலும் பிறக்கின்றன. போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் 1901-இல் திறக்கப்பட்டு, 1972-இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய மலேசியத் துறைமுகத்தின் பழைய சரக்குகளான வெள்ளீயமும் ரப்பருமே இரண்டுக்கும் சான்று. வெள்ளீயத்தில் புரோட்டான் இருந்த இடத்தை விட்டு நகராது. ரப்பர் பாலில் அது நகர்ந்தால்தான் வேலை நடக்கும்.

நம்பிக்கை: ஒரு தனிமத்தை அடையாளம் காட்டுவது அதன் எடை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேதியியலாளர்களே அப்படித்தான் எண்ணினார்கள். 1869-இல் தனிமங்களை எடை வரிசையில் அடுக்கிய மெண்டலீவுக்கு டெல்லூரியமும் அயோடினும் முரண்டு பிடித்தன. எடை கூடிய டெல்லூரியத்தை முன்னால் வைத்தால்தான் குணங்கள் ஒத்துவந்தன. காரணம் 1913-இல் விளங்கியது. ஹென்றி மோஸ்லி என்ற இளைஞர் தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களை அளந்து, வரிசையை முடிவுசெய்வது கருவின் நேர்மின்னூட்டமே என்று காட்டினார். இரண்டே ஆண்டில் அவர் கலிப்போலி போர்முனையில் மாண்டார்; அப்போது வயது 27.

எடையை நம்பினால் வெள்ளீயமே ஏமாற்றிவிடும். 1857-இல் அம்பாங் பக்கம் வெள்ளீயம் தேடி ஆற்றில் ஏறிப் போனவர்களால்தான் கோலாலம்பூர் ஊரானது. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈயக் குட்டைகள் அந்தக் காலத்தின் மிச்சம். அங்கு தோண்டிய வெள்ளீயத்தில் எடை 112 முதல் 124 வரை பத்து வகை அணுக்கள் கலந்திருக்கும். எல்லாவற்றுக்கும் புரோட்டான் எண்ணிக்கை 50; நியூட்ரான்களின் எண்ணிக்கையில்தான் வேறுபாடு. நிலையான ஐசோடோப்புகள் பத்து என்பது எந்தத் தனிமத்துக்கும் இல்லாத பெருமை. 50 புரோட்டான்கள் கருவுக்குள் ஓர் அடுக்கை முழுதாக நிரப்பிவிடுவதே அதற்குக் காரணம். 1949-இல் இந்த அடுக்குக் கணக்கைத் தனித்தனியே விளக்கிய மரியா கோப்பெர்ட் மேயரும் ஹான்ஸ் யென்சனும் 1963-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நம்பிக்கை: பக்குவம் தெரிந்தால் பாதரசத்தைத் தங்கமாக்கலாம்.

இரசவாதக் கதைகளுக்குத் தமிழில் பஞ்சமில்லை. பாதரசத்துக்கு 80 புரோட்டான்கள், தங்கத்துக்கு 79. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம் என்பதைக் கேட்டால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் மூலிகைச் சாறும் புடமும் அமிலமும் அணுவின் வெளி எலெக்ட்ரான்களை மட்டுமே தொடும். வேதிவினையில் ஓர் அணுவுக்குக் கிடைப்பது சில எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல். கனமான கருவிலிருந்து ஒரு புரோட்டானைப் பிரிக்க வேண்டியதோ பல இலட்சம் எலெக்ட்ரான் வோல்ட். எத்தனை நாள் புடமிட்டாலும் இந்த இடைவெளி அடையாது.

கருவையே தாக்கினால் கதை வேறு. 1941-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பாதரசத்தை வேக நியூட்ரான்களால் தாக்கித் தங்கம் பெற்றார்கள். அது கதிரியக்கத் தங்கம், விரைவில் சிதைந்துவிடும். ஜெனிவா அருகே செர்ன் ஆய்வகத்தில் காரீயக் கருக்கள் ஒன்றையொன்று உரசாமல் மிக நெருக்கமாகக் கடக்கும்போது, 82 புரோட்டான்களில் மூன்று தெறித்துப்போய்த் தங்கக் கரு உருவாகிறது. 2015 முதல் 2018 வரை அப்படி உண்டான தங்கம் 29 பிக்கோகிராம், அதாவது ஒரு கிராமை இலட்சம் கோடியாகப் பிரித்து 29 பங்கு. அதுவும் கணநேரத்தில் உடைந்தது. கிள்ளான் லிட்டில் இந்தியாவின் நகைக்கடைகளுக்கு இதனால் ஆபத்தில்லை.

நம்பிக்கை: ஆசிட் ரப்பர் பாலை எரித்துக் கட்டியாக்குகிறது.

தோட்டங்களில் மங்கில் வடிந்த பாலைக் காண்டா வாளியில் சுமந்து வந்து, தண்ணீர் கலந்து, பார்மிக் அமிலம் ஊற்றிய தலைமுறைக்கு இந்தக் காட்சி பழக்கமானது. ஆனால் அங்கே எதுவும் எரிவதில்லை. ரப்பர் பால் என்பது நீரில் மிதக்கும் நுண்ணிய ரப்பர்த் துகள்கள். அவற்றைப் போர்த்தியிருக்கும் புரதமும் கொழுப்பும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. அதனால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கலந்தே நிற்கின்றன. அமிலம் என்பது புரோட்டானைக் கொடுக்கும் பொருள் என்று 1923-இல் பிரான்ஸ்டெடும் லௌரியும் வரையறுத்தார்கள். பார்மிக் அமிலம் கொடுக்கும் புரோட்டான்கள் நீரில் வெறுமனே அலைவதில்லை. நீர் மூலக்கூறுகளோடு ஒட்டிக்கொண்டு ஹைட்ரோனியமாகத் திரிகின்றன. அவை துகள்களின் எதிர்மின்னூட்டத்தைத் தீர்த்துவிட, தள்ளுவதற்கு எதுவும் இல்லாமல் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. பிஎச் அளவு ஏறத்தாழ 7-இலிருந்து 5-க்கு இறங்கும்போது ஹைட்ரோனியம் நூறு மடங்கு பெருகும், ஏனெனில் அந்த அளவில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. ரப்பர் மூலக்கூறு மட்டும் மாறாமல் அப்படியே இருக்கிறது. வீட்டில் மோர் ஊற்றிய பால் தயிராவதும் இதே வழியில்தான்.

அமிலமே ஊற்றாமல் விட்டாலும் பால் மறுநாள் கட்டிப்பாலாகும். பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைத் தாமே தயாரித்துவிடும். உறையாமல் காக்க அம்மோனியா சேர்ப்பது அந்தப் புரோட்டான்களைப் பிடித்துவைப்பதற்காக. ஆசிட் கூடினால் இன்னும் நன்றாக உறையும் என்பதும் சரியல்ல. வலுவான அமிலத்தை மிகையாகச் சட்டென்று கொட்டினால் துகள்கள் நேர்மின்னூட்டம் ஏறி மறுபடியும் ஒன்றையொன்று தள்ளத் தொடங்கலாம்.

நம்பிக்கை: ஆல்கலைன் நீர் குடித்தால் ரத்தத்தின் அமிலத்தன்மை குறையும்.

விலையுயர்ந்த நீர்வடிகட்டிகளை விற்க உதவும் நம்பிக்கை இது. குடித்த நீர் முதலில் இறங்குவது இரைப்பைக்குள். அங்கே பிஎச் 1.5 முதல் 3.5 வரை. ரத்தத்தின் பிஎச் 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்கிறது. அதை நிறுத்திவைப்பவை பைகார்பனேட்டும் நுரையீரலும் சிறுநீரகமும். ஒரு குவளை நீரால் ரத்தம் உண்மையிலேயே அந்த எல்லையைத் தாண்டினால் அதன் பெயர் ஆரோக்கியம் அல்ல, நோய்.

நம்பிக்கை: கேஸ்ட்ரிக் மாத்திரைகள் எல்லாம் ஒன்றுதான்.

வாயில் மென்று தின்னும் மாத்திரை, இரைப்பையில் ஏற்கெனவே இருக்கும் புரோட்டான்களைப் பிடித்துக்கொள்ளும். சில நிமிடங்களில் எரிச்சல் தணியும். ஓமெப்ரசோல், இரைப்பைச் செல்களில் புரோட்டான்களை வெளியே இறைக்கும் பம்புகளையே அடைக்கும். உணவுக்கு முன் எடுக்க வேண்டும், முழுப் பலன் தெரியச் சில நாள் ஆகும். எரிச்சல் வந்த நிமிடத்தில் அதை விழுங்கிவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று குறைபட்டுக்கொள்வதில் நியாயமில்லை.

நம்பிக்கை: மின்கம்பியில் புரோட்டான்களும் ஓடுகின்றன.

உலோகத்தில் நகர்பவை எலெக்ட்ரான்கள் மட்டுமே. நீரில் புரோட்டான் மூலக்கூறு விட்டு மூலக்கூறு தாவிப் போகும். இந்தத் தாவலுக்கு இன்றும் குரோத்தஸ் என்பவரின் பெயர்தான், அவர் 1806-இல் எழுதிய கட்டுரையால்.

நம்பிக்கை: புரோட்டான் பிரிக்க முடியாதது, அழிவில்லாதது.

முதல் பாதி தவறு. புரோட்டானுக்குள் இரண்டு அப் குவார்க்குகளும் ஒரு டவுன் குவார்க்கும் உண்டு. மூன்றின் நிறையையும் கூட்டினால் புரோட்டானின் நிறையில் சுமார் நூற்றில் ஒரு பங்குதான் தேறும். மீதியெல்லாம் அவற்றின் இயக்கத்திலும் பிணைப்பிலும் உள்ள ஆற்றல். இரண்டாவது பாதிக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயலில், 2 கிலோமீட்டருக்கும் கீழே, டாட்டா அடிப்படை ஆய்வுக் கழகத்தாரும் ஜப்பானிய அறிவியலாளர்களும் 1980-களில் இரும்புத் தகடுகளை அடுக்கி, ஒரு புரோட்டானாவது சிதைகிறதா என்று பார்த்தார்கள். சிதைவு போலத் தோன்றிய சில நிகழ்வுகளை அறிவித்தார்கள்; பிற ஆய்வுகள் அவற்றை உறுதிசெய்யவில்லை. ஜப்பானில் 50,000 டன் நீரைக் கண்காணித்துவரும் சூப்பர் காமியோகாண்டேவும் ஒரு சிதைவைக்கூடக் காணவில்லை. புரோட்டானுக்கு ஆயுள் என்று ஒன்று இருந்தால், எதிர்பார்க்கப்படும் முதன்மையான சிதைவு வழியில் அது 1-க்குப் பின் 34 சுழியங்கள் கொண்ட ஆண்டுகளுக்கு மேல் என்பதே அந்த ஆய்வு தந்த எல்லை.