செல்வச் சிறுவர்களும் சித்திரக்கதையும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

சித்திரக்கதை என்றாலே 'சிறுபிள்ளை விளையாட்டு' என்று ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே பலர். ஆயினும் ஒரு சமுதாயம் யாரை வீரன் என்று போற்றுகிறது என்பதை அறிய, அச்சமுதாயத்துச் சிறுவர்கள் காசு கொடுத்து வாங்கும் கதைகளைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. அவ்வகையில், அமெரிக்காவில் இருமுறை தோன்றி இருமுறையும் விரைவில் மறைந்த ஒரு தொடரை இக்கட்டுரையில் ஆராய விழைகிறேன். அதன் பெயர் 'கிரீன் டீம்'. பச்சை அணி எனலாம். கோத்தகிரிக்காரரான நமக்குப் பச்சை என்றால் கொழுந்துத் தேயிலைதான் நினைவுக்கு வரும். அமெரிக்கருக்கோ அது டாலர் நோட்டின் நிறம்!

அணியின் தோற்றம்

1975 ஆம் ஆண்டு டி.சி. காமிக்ஸ் நிறுவனம் 'ஃபர்ஸ்ட் இஷ்யூ ஸ்பெஷல்' என்றொரு வரிசையைத் தொடங்கியது. இதழுக்கு ஒரு புதுக் கதை என்பது அதன் திட்டம். அதன் இரண்டாம் இதழில் பச்சை அணி அறிமுகமாயிற்று. கதை எழுதியவர் ஜோ சைமன். படம் வரைந்தவர் ஜெர்ரி கிராண்டனெட்டி. பத்து லட்சம் டாலர் சொத்துடைய சிறுவனே இவ்வணியில் உறுப்பினனாக முடியும். கப்பல் தொழிலில் செழித்த கொமோடோர் மர்ஃபி, எண்ணெய்ச் செல்வன் ஜே.பி. ஹூஸ்டன், திரைப்படத் துறையைச் சேர்ந்த செசில் சன்பீம், காலணி துடைத்துப் பிழைத்த அப்துல் ஸ்மித் ஆகிய நால்வரே அவர்கள். பறக்கும் ஆற்றலோ மந்திர சக்தியோ இவர்களுக்கு இல்லை. துணிகரமான செயல்களுக்குப் பணத்தை வாரியிறைப்பதே இவர்தம் வீரம்.

தொடருக்கென மேலும் இரு கதைகள் ஆயத்தமாயின. ஆனால் அவை கடைக்கு வரவில்லை. 1978 இல், கைவிடப்பட்ட பல கதைகளோடு சேர்த்து, உரிமையைக் காப்பதற்காக மிகச் சில நகல்கள் மட்டும் எடுத்து வைத்தனர். அதே வரிசையின் எட்டாம் இதழில் அறிமுகமான 'வார்லார்ட்' என்னும் வீரனோ, தனி இதழ் கண்டு 1988 வரை வாழ்ந்தான்.

ஒரே கை படைத்த இரு கூட்டம்

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. ஜோ சைமன் கற்றுக்குட்டி எழுத்தாளர் அல்லர். ஜாக் கிர்பியுடன் சேர்ந்து 1941 இல் 'கேப்டன் அமெரிக்கா'வைப் படைத்தவர் அவர். இவ்விருவருமே 1942 இல் 'நியூஸ்பாய் லீஜன்' என்னும் சிறுவர் கூட்டத்தையும் படைத்தனர். சேரியில் வாழ்ந்து, தெருவில் செய்தித்தாள் விற்ற தாய் தந்தையற்ற நான்கு சிறுவர்களின் கதை அது. அக்கூட்டம் 1947 வரை இதழ்தோறும் வலம் வந்தது. சைமன் கைப்பட்ட ஏழைச் சிறுவர் நால்வர் ஏறத்தாழ ஐந்தாண்டு வாழ, செல்வச் சிறுவர் நால்வர் ஓர் இதழோடு ஓய்ந்தனர். போர்க்காலத்தில் சித்திரக்கதைகள் மிகுதியாக விற்றன என்பதையும் நாம் மறக்கலாகாது. எனினும் காரணம் அது ஒன்றுதானா?

தடையும் கதையும்

என் பாடத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். உராய்வு என்பது இயக்கத்துக்குத் தடை என்று நாம் படிக்கிறோம். ஆனால் உராய்வே இல்லாத தரையில் மனிதன் ஓரடிகூட எடுத்து வைக்க இயலாது. கதையும் அவ்வாறே. தடை இருந்தால்தான் நாயகன் நடக்க முடியும்.

1972 இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவியை எண்ணிப் பாருங்கள். 1962 இல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழில் பிறந்தவன் அவன். ஆய்வுக்கூட உதவியாளனாகிய அவன் விபத்தில் வலக்கையை இழந்து, இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் மறையாது. அந்தச் சக்தியும் சிறிது நேரமே நிற்கும். அடுத்த மின்சாரம் எங்கே, கை மட்டும் கண்ணில் பட்டுவிடுமோ என்ற கவலையில்தான் வாசகன் பக்கத்தைப் புரட்டுகிறான். எல்லையற்ற பணம் படைத்தவனுக்கு இக்கவலை ஏது? ஒன்று தவறினால் இன்னொன்றை வாங்கிக்கொள்வான்.

'பேட்மேன் பணக்காரன் இல்லையா?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால் பெற்றோரைக் கண்ணெதிரே இழந்த சிறுவன் அவன்; எவ்வளவு செல்வம் இருந்தும் அவர்களை மீட்க அவனால் இயலாது. 1953 இல் தோன்றிய ரிச்சி ரிச் நெடுங்காலம் வாழ்ந்தானே என்றால், அங்கே பணமே நகைச்சுவைப் பொருள். அவன் செல்வத்தைக் கண்டு நாம் சிரிக்கிறோம், வணங்கவில்லை.

மீண்டும் வந்த அணி

2011 இல் நியூயார்க்கில் வால் தெருவை முற்றுகையிட்டோர், 'நாங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர்' என முழங்கினர். அதன் எதிரொலியாக டி.சி. நிறுவனம் 2013 இல் இரு தொடர்களைச் சேர்ந்தாற்போல் வெளியிட்டது. ஒன்று, பச்சை அணியின் மறுபிறப்பு. இம்முறை ஆர்ட் பால்டாசரும் ஃபிராங்கோவும் எழுதினர். பழைய லட்சாதிபதிகள் இப்போது லட்சம் கோடிகளுக்கு அதிபதிகள். மற்றொன்று, கெயில் சிமோன் எழுதிய 'தி மூவ்மென்ட்'. அதிகாரத்தை எதிர்க்கும் எளிய இளைஞர்களின் கதை. பச்சை அணி எட்டு இதழ்களோடும், 'தி மூவ்மென்ட்' பன்னிரண்டு இதழ்களோடும் 2014 இல் முடிவுற்றன. எனவே ஏழையைப் பாடினால் வெற்றி உறுதி என்றும் கூறிவிட முடியாது. நாயகனின் பை நிறைந்திருக்கிறதா காலியா என்பதைவிட, அவன் எதை இழக்கத் துணிகிறான் என்பதே கேள்வி.

செல்வரை நாயகராக்குவது தமிழுக்குப் புதிதன்று. கடையெழு வள்ளல்கள் அனைவரும் செல்வரே. ஆனால் பாரி முல்லைக்கு ஈந்தது தான் ஏறிவந்த தேரை. அதியமான் ஔவைக்குத் தந்தது தானே உண்டிருக்கக்கூடிய நெல்லிக்கனியை. கொடுத்தபின் கொடுத்தவனிடம் ஒன்று குறைந்தது. அக்குறைவே அவன் புகழாயிற்று. பச்சை அணிச் சிறுவர் அள்ளி வீசினாலும் அவர்களிடம் ஒன்றும் குறைவதில்லை. வள்ளுவரும் பொருள் ஈட்டுவதைப் பழிக்கவில்லை. 'பொருள் செயல்வகை' என ஓர் அதிகாரமே வகுத்தார். எனினும் 'ஒப்புரவறித'லை அவர் வைத்தது அறத்துப்பாலில்!

காலணி துடைத்தவன்

நால்வரில் என் நெஞ்சைத் தொட்டவன் அப்துல் ஸ்மித். வங்கிக் கணிப்பொறி செய்த பிழையால் அவன் கணக்கில் பெருந்தொகை ஏறிவிடுகிறது. அதை முதலீடு செய்து அவன் செல்வனாகிறான். எழுத்தாளர் இதை வேடிக்கையாகச் சொல்லிச் செல்கிறார். கணிப்பொறி பிழை செய்யாத மற்றக் காலணி துடைக்கும் சிறுவர்கள் என்ன ஆனார்கள்? அதைக் கதை கேட்கவேயில்லை. அப்துலும் அவர்களைத் தேடித் திரும்பிச் செல்வதில்லை. 2013 ஆம் ஆண்டு அணியிலோ அவனுக்குரிய இடத்தில் செல்வக் குடியில் பிறந்த வேறொருவன் நிற்கிறான்.

இதைப் படித்தபோது நான் சற்றே நிறுத்தி எண்ணினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். 'அதிர்ஷ்டக்காரன்' என்று உறவினர் வாழ்த்துகின்றனர். அன்பால் கூறும் சொல்தான் அது. ஆயினும் அதிர்ஷ்டம் என்பது ஒரு கணக்கில் மட்டும் ஏறும் தொகை. அரசுக் கல்லூரியோ, வந்தவர் அனைவரும் ஏறிச் செல்லவென்று கட்டிய படி. வரிப் பணமும், ஆசிரியர் உழைப்பும், கொழுந்து கிள்ளிய கைகளும் அதில் கல்லாய்க் கிடக்கின்றன. நம்முள் பலர் அப்துல் அல்லர். பிழையால் இங்கு வந்தவரும் அல்லர்.

ஆதலின் நண்பர்களே, பச்சை அணி தோற்ற கதையாயினும் படிக்கத் தக்கதே. நாளை நாமும் பொருள் ஈட்டுவோம், ஈட்டவும் வேண்டும். அப்போது நமக்குப் பின் வரும் தம்பி தங்கையருக்கு நம்மிடம் குறையும்படி எதைக் கொடுத்தோம் என்பதைக் கொண்டே நம் கதையும் மதிப்பிடப்படும்.