வறட்சியில் கண்வலிக் கொடிக்கு முருங்கைச் சாறு

நம் கொங்கு நாடு மேற்கு மலைத் தொடரின் மழை மறைவில் அமைந்துள்ளது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வீசும் அளவுக்கு மழை பெய்வதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையையே நாம் பெரிதும் நம்பியிருக்கிறோம். அம்மழையும் 2016ஆம் ஆண்டில் பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சியுற்றதாக அரசு அறிவிக்க நேர்ந்தது.

இத்தகைய பூமியில்தான் மூலனூர், தாராபுரம் வட்டார உழவர்கள் கண்வலிக் கிழங்கைப் பயிர் செய்து வருகின்றனர். நம் மாநில மலரான செங்காந்தளே இது. கிழங்கு கலப்பை போல் வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் வழங்குவர். இதன் விதையிலுள்ள கால்சிசின் என்னும் பொருள் மூட்டு வீக்க நோய்க்கு மருந்தாகிறது. ஆனி, ஆடியில் ஊன்றிய கிழங்கு சுமார் இரண்டு மாதத்தில் பூக்கத் தொடங்கும்; காய் முற்றுவதற்கு ஊன்றியதிலிருந்து ஐந்தரை அல்லது ஆறு மாதம் ஆகும். வடகிழக்குப் பருவம் பிந்துமானால், பூவும் பிஞ்சுமாக இருக்கும் வேளையில் கிணறு வற்றி விடுகிறது. விலையுள்ள விதை அப்பிஞ்சில்தானே இருக்கிறது!

ஈரம் குறைந்ததும் செடி தன் இலைத் துளைகளை மூடிக்கொள்கிறது. நீர் மிஞ்சுகிறது, ஆனால் காற்றிலிருந்து உணவு தயாரிக்கும் வேலையும் தடைப்படுகிறது. மேலும், இலையை இளமையாக வைத்திருக்கும் சைட்டோகைனின் என்னும் பொருளைப் பெரும்பாலும் வேர்களே உண்டாக்கி மேலே அனுப்புகின்றன. வறண்ட மண்ணில் வேர் அதனைக் குறைத்து விடுகிறது. அடியிலை முதலில் மஞ்சளாவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

முருங்கைக் கொழுந்தில் அவ்வினத்தைச் சேர்ந்த சியாட்டின் என்னும் பொருள் மிகுதியாக உண்டு. மத்திய அமெரிக்காவிலுள்ள நிகராகுவா நாட்டில் இச்சாற்றைப் பல பயிர்களுக்குத் தெளித்து ஆராய்ந்தனர். பின்னர், பாகிஸ்தானின் பைசலாபாத் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் நீர் குறைந்த கோதுமைக்கு, முப்பது பங்கு நீர் கலந்த சாறு நற்பலன் தந்ததைக் கண்டனர். நமக்கோ முருங்கையும் கண்வலியும் அடுத்தடுத்த வயல்களில் விளைகின்றன. கடையில் புட்டி வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

செய்முறை எளிது. இளங்கொழுந்து பத்துக் கிலோவுக்கு ஒரு லிட்டர் நீர் விட்டு இடித்து அல்லது அரைத்து, துணியில் இட்டுப் பிழிந்து, மறுபடி மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். இல்லையேல் தெளிப்பானின் துளை அடைபடும். பத்து லிட்டர் தெளிப்பானுக்குச் சாறு 300 மில்லி போதும். கெட்டியாகத் தெளித்தால் பலன் கூடும் என்று எண்ணுவது தவறு. பிழிந்த சாற்றை ஐந்து மணி நேரத்திற்குள் பயன்படுத்திவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தல் கூடாது. வெயில் தாழ்ந்த பின் தெளிப்பதே நலம். காலையில் கையால் மகரந்தச் சேர்க்கை செய்வோர், அவ்வேலை நடக்கும் வேளையில் பூவின் மீது எதையும் தெளிக்கலாகாது. கொடி தழைக்கும்போது ஒரு முறையும், மொட்டு விடுமுன் ஒரு முறையும், பிஞ்சுப் பருவத்தில் ஒரு முறையும் தெளித்துப் பார்க்கலாம்.

பார்க்கலாம் என்றே சொல்கிறோம். கோதுமைக்குக் கிடைத்த பலன் கிழங்குக் கொடிக்கும் அப்படியே கிடைக்கும் என்று கொள்வது முறையன்று. சாறு தண்ணீருக்கு ஈடாகவும் மாட்டாது. பாசனத்திற்குச் சில நாள் தாமதம் நேரும்போது இலை வாடாமல் தாங்க உதவுமா என்பதே கேள்வி. ஆகவே முழு வயலுக்கும் தெளித்து விட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்வதில் பயனில்லை. அருகருகே மூன்று வரிசைகளை முளையடித்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்றுக்குச் சாறும், மற்றொன்றுக்கு அதே அளவு வெறும் நீரும் தெளித்து, மூன்றாவதைச் சும்மா விட வேண்டும். வெறும் நீர் வரிசையைத்தான் பலரும் விட்டு விடுகின்றனர். இலை நனைந்ததாலேயே சிறிது தெளிச்சி உண்டாகலாமன்றோ? அதனைச் சாற்றின் கணக்கில் சேர்த்தல் ஆகாது. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் மேட்டு வயல் ஒன்றும் பள்ள வயல் ஒன்றுமாகத் தேர்ந்து இதனை நடத்தி, காய்ந்த விதையை வரிசை வாரியாகப் பலர் முன்னிலையில் நிறுத்துக் குறித்தால் ஊருக்கே பயன்படும். குறிப்பின் ஒரு பிரதியைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மருந்து மற்றும் நறுமணப் பயிர்கள் துறைக்கும் அனுப்பலாம்.

பிழிந்த சக்கை மாடுகளுக்கு நல்ல தீனி. அதனை மாட்டுக் கொட்டகையிலேயே வைக்க வேண்டும். வயல் வரப்பில் கொட்டினால், சக்கையைத் தேடி வரும் மாடு கண்வலிக் கொடியையும் கடித்து விடும். அக்கொடியின் இலை, விதை, கிழங்கு யாவும் கொடிய விஷம்.