தலைமாட்டுக்கு ஒரு சி.டி. கடிகார ரேடியோ: வாஷித் தமிழர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஏ.பி.எம்.சி. மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவருக்கு விடியல் பின்னிரவிலேயே வந்துவிடும். அதே வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை 6 மணிக்கு எழுந்தால் போதும். ஹார்பர் லைன் வண்டி பிடித்து சி.எஸ்.எம்.டி. போகிறவர் இரண்டுக்கும் நடுவில் எழுவார். இத்தனை பேரும் கைபேசி அலாரத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். அதை நிறுத்தக் கை நீட்டியதுமே வாட்ஸ்அப்பும் முந்தைய நாள் அலுவலகச் சண்டையும் முகத்துக்கு நேரே வந்து நிற்கின்றன. கடிகாரம், ரேடியோ, சி.டி. மூன்றும் சேர்ந்த பெட்டி ஒன்றைத் தலைமாட்டில் வைக்கச் சொல்வது இதனால்தான். முதன்முறையாக வாங்குகிறவர் என்னென்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: ரேடியோவுக்கா, சி.டி.க்கா என்று முடிவு செய்யுங்கள்

சென்னையில் இருப்பவர் ரேடியோவை மட்டும் நம்பி அலாரம் வைக்கலாம். இங்கே முடியாது. மும்பை எஃப்.எம். நிலையங்களைத் திருப்பிக்கொண்டே போனால் பெரும்பாலும் இந்தியும் மராத்தியும்தான் காதில் விழும். தமிழ் கேட்டுக் கண் விழிக்க வேண்டுமென்றால் அதற்கு வழி வீட்டு அலமாரியில் இருக்கிறது: மாட்டுங்கா கிரி டிரேடிங்கில் வாங்கிய சுப்ரபாதம், மார்கழிக்கென்று எடுத்த திருப்பாவை, ஊரிலிருந்து வந்த இளையராஜா தொகுப்பு. ஆகவே பெட்டியில் சி.டி. பாகம் எப்படி என்று முதலில் பாருங்கள். ரேடியோ அதற்கு அடுத்தது. சி.டி.யே வீட்டில் இல்லை, வாங்கவும் போவதில்லை என்றால் இந்தப் பெட்டி உங்களுக்கு வேண்டாம். 2017-இல் வந்த சரிகம கார்வான் போல, பாட்டுகள் உள்ளேயே ஏற்றப்பட்ட பெட்டி போதும். ஆனால் அலாரம் உள்ள மாடலா என்று கேட்டு வாங்குங்கள்.

படி 2: உங்களிடம் இருக்கும் சி.டி. எந்த வகை?

கடைக்குப் போகும் முன் அலமாரியைத் திறந்து பாருங்கள். கம்பெனி வெளியிட்ட ஆடியோ சி.டி.யை எல்லாப் பெட்டியும் படிக்கும். அதில் அதிகபட்சம் 74 முதல் 80 நிமிடப் பாட்டு அடங்கும். கணினியில் எழுதிய சி.டி.-ஆர் தட்டுகளைப் பழைய பெட்டிகளில் சில தடுமாறியே படிக்கும். திரும்பத் திரும்ப அழித்து எழுதும் சி.டி.-ஆர்.டபிள்யூ. தட்டு ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்புவதால் பல பழைய பெட்டிகள் அதைத் தொடவே தொடாது.

எம்.பி.3 தட்டுதான் அதிகம் ஏமாற்றுவது. நூற்றைம்பது பாட்டு என்று அட்டையில் போட்டு ஒரு காலத்தில் எங்கும் விற்ற தட்டுகள் அவை. 700 மெகாபைட் தட்டில், 128 கேபிபிஎஸ் தரத்தில், சுமார் 12 மணி நேரப் பாட்டு அடங்கும். பெட்டியின் முகப்பில் எம்.பி.3 என்று அச்சிட்டிருக்காவிட்டால் அந்தத் தட்டைப் போட்டும் பயனில்லை, சத்தமே வராது. உங்கள் சேகரிப்பு அந்த வகை என்றால் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 3: அலாரத்தை நுணுக்கமாகப் பாருங்கள்

எனக்கு இதுதான் முக்கியம். கடிகார ரேடியோ என்ற பெயரில் வரும் எல்லாமே சி.டி. போட்டு எழுப்பும் என்று நினைக்க வேண்டாம். சில மாடல்களில் அலாரத்துக்கு ரேடியோவும் பஸ்ஸரும் மட்டும்தான், சி.டி.யை நாமே எழுந்து போட்டுக்கொள்ள வேண்டும். அலாரம் பொத்தானுக்குப் பக்கத்தில் ரேடியோ, சி.டி., பஸ்ஸர் என மூன்று தேர்வும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த கேள்வி: எந்தப் பாட்டில் தொடங்கும்? பல பெட்டிகள் எப்போதும் முதல் பாட்டில்தான் தொடங்கும். சிலவற்றில் பாட்டு எண்ணைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் பாட்டு மட்டும்தான் என்றால், அலாரத்துக்கென்றே ஒரு தட்டு எழுதி வையுங்கள். தம்புராவோ நாதஸ்வரமோ மெல்ல ஏறிவரும் பாட்டை முதலில் போடுங்கள். தவில் எடுத்த எடுப்பிலேயே முழங்கும் பாட்டு வயதானவர்களுக்கு வேண்டாம். சத்தம் சிறிதாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

உள்ளே தட்டு இல்லாமல் போனால்? தட்டில் கீறல் விழுந்திருந்தால்? நல்ல பெட்டி அப்போது தானாகவே பஸ்ஸருக்கோ ரேடியோவுக்கோ மாறும். மற்றது சும்மா இருந்துவிடும், வண்டி போய்விடும். கடையிலேயே தட்டை எடுத்துவிட்டு அலாரம் வைத்துப் பாருங்கள்.

ஒரே படுக்கையில் இருவர் வெவ்வேறு நேரத்தில் எழுவதானால் இரண்டு அலாரம் உள்ளதை வாங்குங்கள். ஒன்றுக்கு பஸ்ஸர், மற்றதற்கு சி.டி. எனத் தனித்தனியாக வைக்க முடிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் விட்டுவிடும் வசதி சில மாடல்களில் உண்டு, அது தேவைதான். ஸ்னூஸ் பொத்தான் மேலே பெரிதாக, கண் மூடியபடியே தட்டுப்படும்படி இருக்கட்டும்.

படி 4: கரண்ட் போனால் என்ன ஆகும்?

2020 அக்டோபர் 12 காலையில் மும்பை, தானே, நவி மும்பை மூன்றும் சேர்ந்து இருண்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வளவு பெரிதாக வேண்டாம். நள்ளிரவில் ஒரு நிமிடம் கரண்ட் போய் வந்தாலே, பேக்கப் இல்லாத கடிகாரம் 12:00 என்று கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும், அலாரம் அடிக்காது. பெட்டியின் அடியில் 9 வோல்ட் பேட்டரிக்கோ வட்டமான பொத்தான் பேட்டரிக்கோ இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அது பெரும்பாலும் நேரத்தை மட்டும்தான் காப்பாற்றும். எண்கள் அணைந்துவிடும், சி.டி.யைச் சுழற்றும் சக்தியும் அதற்குக் கிடையாது. சிலவற்றில் பஸ்ஸர் மட்டும் அடிக்கும். விடியற்காலை வேலைக்குப் போகிறவர் அப்படிப்பட்டதையே கேட்டு வாங்க வேண்டும்.

படி 5: வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி என்றால்

நம் வீடுகளில் பாதிப் பெட்டிகள் துபாய், மஸ்கட், சிங்கப்பூர், அமெரிக்கா என்று எங்கிருந்தாவது சூட்கேஸில் வந்தவை. அனுப்புகிறவரிடம் முதலில் அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் படிக்கச் சொல்லுங்கள். நமக்கு வேண்டியது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். எமிரேட்ஸ், ஓமன், சிங்கப்பூர் பெட்டிகள் பொதுவாக ஒத்துப்போகும். சவூதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதை நினைவில் வையுங்கள். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்.

வோல்டேஜைக் குறைக்க ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டால் போதாதா? போதாது. மின்சாரத்தின் அலைகளை எண்ணியே நேரம் சொல்லும் கடிகாரங்கள் உண்டு. 60 எண்ணிக்கையை ஒரு நொடி என்று கொள்ளும் கடிகாரம் நம் 50 ஹெர்ட்ஸில் மணிக்கு 10 நிமிடம் பின்தங்கும். இரவு 10 மணிக்குச் சரியாக வைத்தால் காலை 6 மணிக்கு அது 4:40 காட்டும். சிலவற்றில் 50, 60 என்று மாற்ற அடியில் சிறு சுவிட்ச் இருக்கும். தனி அடாப்டரில் ஓடும் பெட்டியாக இருந்து, அடாப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டு டி.சி. வெளிவந்தால் இந்தத் தொல்லை இல்லை.

ரேடியோவிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. மீடியம் வேவில் இந்திய நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன. அமெரிக்கப் பெட்டி 10-ஆகத் தாவும். மும்பை ஆகாசவாணியின் 1044 அதில் 1040-க்கும் 1050-க்கும் நடுவே விழுந்து கரகரக்கும். எஃப்.எம்.மில் அமெரிக்கப் பெட்டிகள் பல ஒற்றைப்படைப் புள்ளிகளில் மட்டும் நிற்கும்: 91.1, 98.3 கிடைக்கும், 104.0, 106.4 சரியாகப் பிடிபடாது. பழைய ஜப்பான் உள்நாட்டுப் பெட்டிகள் 76-இல் தொடங்கி 90-இல் முடிந்துவிடுவதால் மும்பை எஃப்.எம். எதுவுமே வராது. இங்கிலாந்திலிருந்து வருவதில் டி.ஏ.பி. மட்டும் இருந்தால் வேண்டாம், அந்த ஒலிபரப்பு இங்கே இல்லை, எஃப்.எம்.மும் இருந்தால் எடுக்கலாம்.

படி 6: இருட்டில் எண்கள்

கண்ணாடி இல்லாமல் படிக்க முடிய வேண்டும். வெளிச்சத்தைக் குறைக்கும் பொத்தான் வேண்டும். நீல எண்கள் பளிச்சென்று அழகாகத்தான் இருக்கும், ஆனால் நீல ஒளி தூக்கத்தைக் கலைக்கும். சிவப்பையே எடுங்கள்.

படி 7: எங்கே தேடுவது

சி.டி.யைச் சேர்ந்து உருவாக்கிய சோனியும் பிலிப்ஸும் இந்தப் பெட்டிகளை நிறையச் செய்தன. சோனியின் டிரீம் மெஷின் வரிசை பலருக்கு நினைவிருக்கும். இன்று புதிய பெட்டியை வாஷி செக்டர் 17 கடைகளில் தேடினால் கிடைப்பது அரிது. இணைய விற்பனைதான் வழி. புதிதாக வாங்கும்போது பி.ஐ.எஸ். பதிவு எண் பாருங்கள். மின்சாரத்தில் ஓடும் மின்னணுக் கடிகாரங்கள், 2012-இல் வந்த கட்டாயப் பதிவு ஆணையின் முதல் பட்டியலிலேயே இருப்பவை.

பழையது போதும் என்றால் கிராண்ட் ரோடு பக்கம் லாமிங்டன் ரோடு, அல்லது சோர் பஜார். நான் லாமிங்டன் ரோட்டைத்தான் சொல்வேன், ரிப்பேர் செய்கிறவர்களும் அங்கேயே இருப்பதால். வாங்கும் முன் அவர்களிடம் உள்ளே என்ன லென்ஸ் என்று கேளுங்கள். கே.எஸ்.எஸ். 213 போல நிறையப் பெட்டிகளில் போட்ட லென்ஸ் என்றால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். அபூர்வமான லென்ஸ் என்றால், விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

படி 8: கடையிலேயே சோதிக்கும் முறை

பையில் ஒரு கம்பெனி சி.டி., வீட்டில் எழுதிய ஒரு தட்டு, ஒரு 9 வோல்ட் பேட்டரி எடுத்துப் போங்கள். தட்டைப் போட்டதும் பாட்டு எண்ணிக்கை சட்டென்று வர வேண்டும். தேடிக்கொண்டே இருந்தால் லென்ஸ் களைத்திருக்கிறது. பிறகு நேரே கடைசிப் பாட்டுக்குத் தாவுங்கள். சி.டி. நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் படிக்கப்படுவதால், தேய்ந்த பெட்டி கடைசிப் பாட்டில்தான் திணறும். நேரம் வைத்து, பேட்டரி போட்டு, பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் காத்திருந்து மறுபடி செருகுங்கள்: நேரம் சரியா? கடைசியாக, இரண்டு நிமிடம் கழித்து அடிக்கும்படி சி.டி. அலாரம் வைத்து, அது அடிக்கும்வரை அங்கேயே நில்லுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் நகர வேண்டாம்.

படி 9: வீட்டில் வைக்கும் இடம்

எஃப்.எம். ஆன்டெனா பின்னால் தொங்கும் ஒற்றை வயர்தான். அதைச் சுருட்டிக் கட்டாமல் முக்கால் மீட்டராவது நீட்டி, ஜன்னல் பக்கம் விடுங்கள். காங்கிரீட் சுவருக்குள் அதுவே பெரிய வித்தியாசம் செய்யும். மீடியம் வேவுக்கு ஆன்டெனா பெட்டிக்குள்ளேயே இருப்பதால் பெட்டியையே திருப்பிப் பார்க்க வேண்டும். கைபேசி சார்ஜரைப் பக்கத்தில் வைத்தால் இரைச்சல் வரும். மூடி மேலே திறக்கும் பெட்டியை அலமாரித் தட்டுக்குள் நுழைக்காதீர்கள், சி.டி. மாற்ற இடம் இருக்காது.

கழிமுகத்தை ஒட்டிய ஊர் என்பதால் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரம் லென்ஸில் படியும். மழைக்காலத்தில் ஜன்னலோரம் வேண்டாம். சுவர்ப்பக்கம் வைத்து, வாரத்துக்கு இரண்டு முறையாவது சி.டி. ஓடவிடுங்கள். படிக்கத் தடுமாறினால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக்குச்சியால் லென்ஸை அழுத்தாமல் துடையுங்கள். 9 வோல்ட் பேட்டரியை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கசிந்த பேட்டரி உள்ளே இருக்கும் தகட்டை அரித்துவிடும்.